ராகலைக்குப் போய்ச் சேரவில்லை

அயனாவரம்,
சென்னை – 23
ஆகஸ்ட் 28

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை, இலங்கையில் இருந்தேன். திரும்பி வந்த இரவு, பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகாமல் வாசலில் நின்றபடியே படித்தேன். பணி ஓய்வுக்கு 14 மாதம் இருக்கும்போது வங்கியின் கோத்தகிரிக் கிளைக்கு மாற்றல். தங்கச்சி அம்மாவைப் பார்த்துக்கொண்டு கோயம்புத்தூரில், நீ மலைமேல் ஒற்றை அறையில், காயாத துணிகளோடு. கடைசிப் பத்தியில், "எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று மட்டும் எழுதிவிடாதே" என்று சொல்லி அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். எழுத மாட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் உன் கடிதம் கிடைத்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.

இங்கே எல்லாரும் சுகம். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மாடிப்படி ஏறுவதை நிறுத்தியாயிற்று. சின்னவள் வேலை மாறி இப்போது சிறுசேரிக்குப் போய்வருகிறாள். விடியும் முன் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் முகத்தைப் பார்க்க முடிகிறது. மெட்ரோ வேலைக்காகப் பாதையை அடைத்திருப்பதால் ஆலயத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். பயணத்தைப் பற்றித்தான் உனக்கு நிறைய எழுத வேண்டும்.

எங்கள் சபையிலிருந்து 11 பேர். ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஐந்து வாலிபர்கள், இரண்டு மூத்த சகோதரிகள், நான். நுவரெலியாவுக்கு அப்பால் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்பது நாள் ஊழியம் என்று திட்டம். பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி, இரண்டு நாள் மருத்துவ முகாம், ஞாயிறு ஆராதனை. ஒருங்கிணைப்பாளர் நான்தான். ரயில்வே கணக்குப் பிரிவில் 34 வருடம் இருந்தவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் என்ன செய்வான்? கால்மணி நேரக் கணக்கில் அட்டவணை போட்டு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். 150 பாடப்புத்தகம், வண்ணப் பென்சில்கள், பொம்மலாட்டத்துக்கான துணி எல்லாவற்றையும் எடை பார்த்துப் பிரித்துக் கட்டினோம். நான்கு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம்.

முதல் அடி இங்கேயே விழுந்தது. வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் இலங்கையில் நோயாளியைத் தொட வேண்டுமென்றால் அந்நாட்டு மருத்துவப் பேரவையில் தற்காலிகப் பதிவு வேண்டும். நியாயமான சட்டம்தான், நம் ஊரிலும் யாரும் வந்து ஊசி போட்டுவிட்டுப் போக முடியாதல்லவா. அந்த விண்ணப்பத்தை நான் ஏப்ரலில் அனுப்பியிருக்க வேண்டும். ஜூலையில்தான் அனுப்பினேன். பதில் வரவில்லை. பதிவு இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் மருந்துப் பெட்டிகள் ஆலயத்தின் பின்னறையிலேயே தங்கிவிட்டன. கடைசி வெள்ளிக்கிழமை ஜெபத்தில் ஒருவர், "ஆண்டவரே, இந்தக் கதவை நீரே அடைத்தீர்" என்று கண்ணீரோடு ஜெபித்தார். நானும் ஆமென் என்றேன். அந்த ஆமென் விமானத்திலும் என்கூடவே வந்தது.

சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கட்டுநாயக்காவில் இறங்கி வேனில் அவிசாவளை, கித்துல்கல வழியாக மலை ஏறினோம். ஆகஸ்டில் அந்த மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை சும்மா விடாது. களனி ஆறு சாலைக்குப் பக்கத்திலேயே செங்காவி நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. கினிகத்தேனைக்கு அருகே போலீஸார் நிறுத்தினார்கள். மேலே மண்சரிவு, இன்றைக்கு வழியில்லை என்றார்கள். வேன் ஓட்டி வந்த தம்பிக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் உபதேசியார் ஒருவரைத் தெரியும். ஓர் இரவு அங்கே தங்கிக் காலையில் போகலாம் என்று கிளைப்பாதையில் திரும்பினோம். விடிந்தபோது எங்களுக்குக் கீழேயும் மண் இறங்கியிருந்தது. நான்கு இரவு அங்கேயே.

அந்தத் தோட்டத்தை நீ பார்க்க வேண்டும். லயம் என்பார்கள், வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம், ஒரே கூரையின் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பம். பின்னால் நிற்கும் சரிவில் வெடிப்பு விட்டிருந்ததால் இரண்டு லயத்தையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியதை அங்கே சின்னப் பிள்ளைகூட அறியும். இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சட்டி பானையோடு மாரியம்மன் கோயில் மண்டபத்திலும் உபதேசியாரின் தகரக்கூரை ஆலயத்திலுமாகத் தங்கியிருந்தார்கள். உதவி செய்ய வந்தவர்கள் என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு போன நாங்கள், அவர்கள் அரிசிக்கு இன்னும் 11 வாயாகப் போய் நின்றோம்.

எங்களை வேண்டாம் என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "இந்தியாவுல இருந்தா வர்றீங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்று இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயைக் கையில் கொடுத்தார்கள். கறுப்புக் கறை ஏறிய கொழுந்து பறிக்கிற விரல்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது முழுநாள் கூலி, விழ 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டுமாம், குறைந்தால் அரைப்பேர்தான். மழையில் மலைக்கு வேலைக்குப் போக முடியாத அந்த நாட்களில் அவர்களுக்கு அரைப்பேரும் இல்லை. அந்தக் கையிலிருந்துதான் நாங்கள் வாங்கிக் குடித்தோம்.

முதல் நாள் முழுவதும் நான் அலைபேசியோடு மேட்டில் நின்றேன். அட்டவணையை மாற்றி எழுதினேன், மறுபடி எழுதினேன். இரண்டாம் நாள் காலை எங்கள் மருத்துவர் யாரிடமும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வடிகாலை அங்கே கான் என்கிறார்கள். கான் அடைத்துத் தண்ணீர் லயத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. தோட்டத்து இளைஞர்கள் வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டினார், எங்கள் வாலிபர்கள் சேற்றை வாரிக் கொட்டினார்கள். செவிலியர் இருவரும் பிள்ளைக் காம்பரா என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் அங்கிருந்த ஆயம்மாவோடு குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவம் எதுவும் செய்யவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தோம், விறகு சுமந்தோம்.

சமையல் கோயில் மண்டபத்தில். பெரிய அண்டா அங்கேதான் இருந்தது. எங்கள் மூத்த சகோதரிகளில் ஒருவர் படியேறத் தயங்கி நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வளர்ந்த விதம் அப்படி. உபதேசியார் மெல்ல வந்து, "நேத்து ராத்திரி நம்ம ஆலயத்துல படுத்தவங்கள்ல பாதிப்பேரு இந்தக் கோயில் ஆளுங்கதாம்மா" என்றார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். கோயில் தலைவர் பருப்பைக் கிண்ட, உபதேசியார் தேங்காய்ச் சம்பலுக்கு உப்புப் பார்த்தார்.

வேதாகமப் பள்ளியை அங்கேயே நடத்தலாமே, பிள்ளைகள்தான் இருக்கிறார்களே என்று வாலிபர்கள் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. வீட்டைவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகள், பெற்றவர்கள் சேற்றில் நிற்கிறார்கள், சோறு அவர்கள் போடுகிறார்கள். அந்த நேரத்தில் நம் பாடத்துக்கு அவர்களை உட்கார வைப்பது அவர்கள் நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்வதாகும் என்று எனக்குப் பட்டது. குழுவில் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை இருவருக்கு என்மேல் வருத்தம் உண்டு. வண்ணப் பென்சில்களையும் வெள்ளைத் தாள்களையும் மட்டும் பிரித்துக் கொடுத்தோம். யாராவது எங்களிடம் நீங்கள் யார், ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொன்னோம். கேட்டவர்கள் இருந்தார்கள்.

அன்றிரவு மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஒரு வாலிபன், முதல் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், வருடத்து விடுப்பு முழுவதையும் போட்டுச் சொந்தக் காசில் வந்தவன், "முகாமும் போச்சு, பள்ளியும் போச்சு, ஆண்டவர் ஏன் எல்லாக் கதவையும் அடைக்கிறாரு அங்கிள்?" என்று கேட்டு அழுதுவிட்டான். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. மலை இறங்கியதைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் முகாமின் கதவை ஆண்டவர் அடைக்கவில்லை, நான் மூன்று மாதம் விண்ணப்பத்தை மேசையிலேயே வைத்திருந்தேன் என்று சொன்னேன். என் தவறை அவர்மேல் போட்டு ஆமென் சொன்னதையும் சொன்னேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மருத்துவர், "எனக்கு அப்பவே தெரியும் அண்ணே. நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்" என்றார். அந்த வாலிபன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அப்போஸ்தலர் 16-ஐ அன்றிரவு திரும்ப வாசித்தேன். தாம்பரத்தில் நம் ஹீபர் ஹால் விடுதி மொட்டை மாடியில் நீயும் நானும் வாக்குவாதம் செய்த அதே பகுதி. பவுல் ஆசியாவில் (அன்றைக்கு அது ரோமரின் ஒரு மாகாணம்) பிரசங்கிக்கப் போகிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் விடவில்லை. எப்படி விடவில்லை? நோயா, சாலையா, அதிகாரிகளா? அதை எழுதிய லூக்கா ஒரு வரி சொல்லவில்லை. மீசியா, துரோவா என்று நடந்து கடைசியில் கடல் தாண்டிப் பிலிப்பிக்கு வருகிறார். மக்கெதோனியாவுக்கு வா என்று துரோவாவில் தரிசனத்தில் வந்து கூப்பிட்டவன் ஓர் ஆண். ஆனால் ஆற்றங்கரையில் அவர்கள் கண்டது பெண்களை. அவர்களில் பவுல் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்ட லீதியாள் எந்த ஊர்? தியத்தீரா. அது போகக்கூடாது என்று தடுக்கப்பட்ட அந்த ஆசியாவில் இருக்கிற ஊர். இத்தனை வருடம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. நடந்துகொண்டிருந்தபோது பவுலுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. "ஆவியானவர் தடுத்தார்" என்ற வரி பிலிப்பிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதிய வரி என்று நினைக்கிறேன். துரோவாவுக்குப் போகும் சாலையில் நிற்பவனிடம் போய் அந்த வரியைச் சொல்லக்கூடாது. உன்னிடம் சொல்லாததும் அதனால்தான்.

ஐந்தாம் நாள் கீழ்ப்பாதை திறந்தது. மேலே அட்டன் பக்கம் திறக்க இன்னும் நாளாகும் என்றார்கள். விமானச் சீட்டு கையில் இருந்தது. திரும்பிவிட்டோம். ராகலையில் எங்களுக்காகக் காத்திருந்த பிள்ளைகள், பந்தல் போட்டு வைத்திருந்த அந்தச் சபையார் — அவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. வந்த பிறகு ஆலயத்தில் சாட்சி சொன்னபோது எல்லாரும் தோட்டத்துக் கதையைக் கேட்டு நெகிழ்ந்தார்கள். ராகலைப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன? அவர்களுக்கு நாங்கள் வராதவர்கள், அவ்வளவே. பாடப்புத்தகங்களைக் கொழும்பில் ஒரு சகோதரரிடம் கொடுத்துப் பேருந்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தோம். சேர்ந்துவிட்டதாகப் போன வாரம் செய்தி வந்தது.

சென்னைக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாள், ஒரு வேலையாக இங்கே கோட்டைப் பக்கம் போனவன் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதோனிராம் ஜட்சன் நினைவுக்கு வந்தார். பர்மாவின் மிஷனரி என்றுதான் ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொன்னார்கள். அவர் பர்மாவுக்குக் கப்பலேறியது இந்தக் கரையிலிருந்து என்று யாரும் சொல்லவில்லை. 1812-இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார், கம்பெனி அரசு இருக்க விடவில்லை. மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள் அவரும் மனைவி ஆனும். பினாங்குக்குப் போவதாக எண்ணம். இங்கேயும் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். துறைமுகம் கட்டாத காலம், கப்பல் தூரத்தில் நிற்கும், அலையைத் தாண்டி மசூலா படகில்தான் போக வேண்டும். சீக்கிரம் புறப்படும் கப்பல் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் ரங்கூனுக்கு. போகவே வேண்டாம் என்று பலரும் எச்சரித்திருந்த இடம். தரிசனமும் இல்லை, சத்தமும் இல்லை, மிச்சமிருந்த கப்பலில் ஏறினார்கள். வழியில் பட்டது கொஞ்சமல்ல. ஜூலை 13-ஆம் தேதி ரங்கூன். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல். ஆறு வருடம், நண்பா. பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடிக்க 1834 ஆகிவிட்டது. அந்த ஆறு வருடத்தில் ஏதோ ஒரு மழைக்கால இரவில், பினாங்குக்கே போயிருக்கலாமோ என்று அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இனி உன்னிடம் ஒரு வேலை.

மூன்றாம் நாள் மாலை, ஆலயத் திண்ணையில் ஒரு மூதாட்டி என்னைக் கூப்பிட்டார். அம்மாயி என்றுதான் எல்லாரும் அழைக்கிறார்கள், வயது எண்பதை ஒட்டி இருக்கும். "தம்பி, கோத்தகிரி உங்களுக்குக் கிட்டவா?" என்று கேட்டார். லயத்தைக் காலி செய்தபோது அவர் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஏழு கடிதங்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் இவருடைய அக்கா குடும்பம் இந்தியாவுக்கு, இவர் இலங்கைக்கு. 1972-இல் தலைமன்னாரில் கப்பலேற்றிவிட்டதுதான் கடைசி. கண் மங்கிவிட்டதால் பல வருடமாகக் கடிதங்களைத் தானாகப் படிக்க முடியவில்லையாம். "ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்றார். டார்ச் வெளிச்சத்தில் ஏழையும் படித்தேன். முதலாவது, கப்பலில் வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமிலிருந்து. மற்றவை கோத்தகிரியிலிருந்து. "இங்கேயும் அதே கொழுந்து, அதே கூடை, அதே அட்டை. குளிருக்கு உன் கம்பளியைத்தான் போர்த்திக்கொள்கிறேன்" என்று ஒன்றில் இருந்தது. அந்த இடத்தை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னார். கடைசிக் கடிதம் 1986. அதற்குப் பிறகு இல்லை.

ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "செய்ங்க தம்பி, அதோட விசாரிச்சும் எழுதுங்க" என்றார்.

ஏழு கடிதங்களின் படத்தையும் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிக் கடிதத்தின் முகவரியில் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) என்பது தெளிவாக இருக்கிறது, டிவிஷன் பெயர் ஈரத்தில் கரைந்துவிட்டது. தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968-இல் தொடங்கிய தோட்டம் அது, உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அக்காவின் பெயரும் அவர் கணவர் பெயரும் மூன்றாவது கடிதத்தில் இருக்கின்றன. உன் கிளைக்கு முதியோர் பணம் வாங்க வரும் பாட்டிமாரிடம் மெதுவாகக் கேட்டுப் பார். இலங்கைத் தோட்டத்துச் சாயலில் பேசுகிறவர்கள் பேச்சு உன் காதில் பட்டிருக்கும், கேட்டதுமே தெரிந்துவிடும். ஆலயத்தில் அறிவிப்பதற்கு முன்னால் ஒரு தரம் தோட்டத்துக்கே போய்வா, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போனால் எல்லாரும் ஓரிடத்தில் இருப்பார்கள். உன்னைக் கோத்தகிரிக்கு மாற்றியது இதற்காகத்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நீ கோயம்புத்தூரிலேயே இருந்திருந்தாலும் உன்னைத்தான் அனுப்பியிருப்பேன்.

நவம்பரில் நானும் வருகிறேன். தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல். வரும்போது உனக்கு ஒரு நல்ல கம்பளி எடுத்துவருகிறேன், வாங்கிவிடாதே.

அம்மாயி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் அப்படியே கேட்டுப் பார்: "இருந்தா, நான் இருக்கேன்னு சொல்லுங்க. இல்லேன்னா போன தேதிய மட்டும் வாங்கி எழுதுங்க. ஆடி அமாவாசைக்கு அக்கா பேரச் சொல்லலாமா கூடாதான்னு தெரியாம வருசா வருசம் நிக்கிறேன்."

உன் பழைய அறைத்தோழன்